வளைவுல நம்பர் எழுதுறவங்களுக்கும் அந்த நம்பரை வெச்சு வண்டியை மடக்குறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா.

வளைவுக்கு எந்த வேகத்தை எழுதுறதுன்னு முடிவு பண்ற ரோடு இன்ஜினியருங்களுக்கும், வளைவுக்குள்ள ஸ்பீடு கன்னோட நிக்கிற டிராஃபிக் போலீஸுக்கும் சேர்த்தே இதை எழுதறேன். தனித்தனியா எழுதினா அது அவங்க வேலை இது இவங்க வேலைன்னு பந்து ரெண்டு பக்கமும் உருண்டுக்கிட்டே இருக்கும், ஆனா ஸ்டியரிங் புடிச்சிருக்கிறவனுக்கு அந்த போர்டு ஒண்ணுதான், அதை எழுதினவரும் அதைக் காட்டி மடக்குறவரும் ஒரே விஷயத்தைச் சொன்னாத்தான் அவன் நம்புவான்.

நான் பேசுறது வளைவு அம்புக்குறிக்குக் கீழ சின்னதா ஒரு பலகை இருக்குமே, 40, 50னு, அந்த அட்வைசரி ஸ்பீடு பத்தி. அது லிமிட் இல்ல. ரோட்டுக்கு 80 லிமிட்டுன்னா வளைவுக்குள்ளயும் சட்டப்படி லிமிட் 80தான், அந்த 50ங்கறது "இந்த வளைவுல சௌகரியமா போகணும்னா இந்த வேகம்"னு ரோட்டை அளந்து பார்த்தவங்க சொல்ற யோசனை. ஓட்டுறவங்கள்ல நிறைய பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அதைக்கூட விட்டுடலாம், மடக்கி நிறுத்துற சில போலீஸ்காரங்களுக்கும் தெரியறது இல்லங்கறதுதான் கஷ்டமா இருக்கு. அமெரிக்காவுல லிமிட்டுக்கு வெள்ளைப் பலகை, அட்வைசரிக்கு மஞ்சள் பலகைன்னு கலர்லயே பிரிச்சு வெச்சிருக்காங்க. நியூசிலாந்துல இன்னும் ஒரு படி மேல போய் வளைவுக்கு எழுதுற நம்பர் எல்லாம் 25, 35, 45, 55, 65ன்னு அஞ்சுல முடியுற மாதிரியே வெச்சாங்க, லிமிட் எல்லாம் 50, 80, 100ன்னு சைபர்ல முடியும், ராத்திரியில மழையில ஒரு செகண்ட் பார்த்தாக்கூட இது லிமிட்டா அட்வைஸான்னு குழப்பம் வராது. யோசிச்சு செஞ்ச வேலை அது. செலவும் பெருசா இல்ல.

சரி, இந்த நம்பர் எங்கேருந்து வருதுன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் எனக்கு இந்த விஷயத்துல ஆர்வமும் வந்துச்சு கோவமும் வந்துச்சு. பால் பேங்க் இண்டிகேட்டர்னு ஒரு கருவி, வளைஞ்ச கண்ணாடிக் குழாய், உள்ள திரவம், அதுல ஒரு சின்ன குண்டு, பக்கத்துல டிகிரி கோடு. அதை காரோட டேஷ்போர்டுல சமமா பொருத்தி, வண்டி நேரா நிக்கும்போது குண்டு பூஜ்யத்துல இருக்கான்னு பார்த்துட்டு, ஒருத்தர் ஒரே சீரான வேகத்துல வளைவுக்குள்ள ஓட்டுவார், லேன் நடுவுலயே, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வெட்டாம. பக்கத்துல உக்காந்திருக்கிறவர் குண்டு எவ்வளவு தூரம் ஒதுங்குதுன்னு பார்த்து எழுதுவார். திரும்ப அதே வளைவு, அதே வேகம். அப்புறம் கொஞ்சம் வேகம் கூட்டி. அப்புறம் எதிர்த் திசையில இருந்து இதே வேலை மறுபடியும், ஏன்னா ஒரே வளைவுன்னாலும் உள்பக்க லேனும் வெளிப்பக்க லேனும் ஒண்ணு இல்ல, ஏறுறதும் இறங்குறதும் ஒண்ணு இல்ல. இத்தனை டிகிரி வரைக்கும்தான்னு முன்னாடியே ஒரு எல்லை வெச்சிருப்பாங்க, குண்டு அந்த எல்லையைத் தாண்டாத அதிகபட்ச வேகம் எதுவோ அதான் பலகையில ஏறணும். இப்போ ஜிபிஎஸ்ஸும், வண்டி மேல படுற இழுப்பை அளக்கிற ஆக்ஸிலரோமீட்டரும் வெச்சு இதே வேலையை ஒரே நாள்ல பல கிலோமீட்டருக்கு முடிக்கிற வசதி எல்லாம் வந்தாச்சு.

அந்த டிகிரி கணக்கு எப்போ வந்ததுன்னு பாருங்க. 1930கள்ல நடந்த சோதனைங்க. அந்தக் காலத்து காரு, அந்தக் காலத்து டயரு, அந்தக் காலத்து சஸ்பென்ஷன். மணிக்கு 20 மைல் வரைக்கும் 14 டிகிரி, 25லருந்து 30 மைலுக்கு 12, 35 மைலுக்கும் (அதாவது சுமார் 56 கிலோமீட்டர்) அதுக்கு மேலயும் 10 டிகிரின்னு வெச்சாங்க. அமெரிக்காவோட டிராஃபிக் போர்டு கையேடு 2009 பதிப்புலதான் இதை 16, 14, 12ன்னு ஏத்துச்சு. அதாவது பல பத்து வருஷமா, உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு உண்மையில அசௌகரியம் தட்டுற வேகத்தை விட கம்மியான நம்பரே பல வளைவுல நின்னுட்டு இருந்துச்சு, ஓட்டுறவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த நம்பரைத் தாண்டித்தான் போறாங்கன்னு ஆய்வுகளும் திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

இதுல என்ன கெட்டுப்போச்சு, கம்மியா எழுதினா நல்லதுதானே, பாதுகாப்புதானேன்னு நீங்க கேப்பீங்க. நிறைய அதிகாரிங்க இதைத்தான் நினைக்கிறாங்கன்னு எனக்குத் தோணுது, பத்து கூட குறைச்சு எழுதிட்டா நம்ம தலைக்கு எதுவும் வராதுன்னு. நான் இந்த மடல எழுதுறதுக்கே காரணம் இந்த நினைப்புதான்.

ஒரு ரோட்டுல அடுத்தடுத்து அஞ்சாறு வளைவு இருக்குன்னு வைங்க, எல்லாத்துலயும் 40. முதல் வளைவுல ஒருத்தர் 60ல போறார், ஒண்ணும் ஆகல, வண்டி கொஞ்சம் கூட முனகல. ரெண்டாவதுலயும் அப்படித்தான். மூணாவதுக்கு வர்றதுக்குள்ள அவர் மனசுல ஒரு கணக்கு உக்காந்துடுது, போர்டுல என்ன இருக்கோ அதோட இருபது சேர்த்துக்கோன்னு. இது திமிரு இல்லங்க, அந்த ரோடே அவருக்குக் கத்துக்குடுத்த பாடம். நாலாவது வளைவு போகப்போக இறுகிக்கிட்டே வர்றது, நுழையும்போது சாதாரணமா தெரியும், பாதிக்கு மேல திடீர்னு கொக்கி மாதிரி மடங்கும், அங்க போட்டிருக்கிற 40 நிஜமான 40. அங்க அவர் 60ல நுழைஞ்சா பாதி வளைவுல பயந்து பிரேக்கை அழுத்துவார், டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒண்ணுதான், அதைத் திரும்புறதுக்கும் நிக்கிறதுக்கும் பங்கு போடணும், பிரேக்குக்குப் போன பங்கு திரும்புறதுல குறைஞ்சு வண்டி நேரா வெளிய போயிடும். அங்க போய் நின்னு பாருங்க, தடுப்புக் கம்பி எங்க நசுங்கியிருக்குன்னு, வளைவு ஆரம்பத்துல நசுங்கியிருக்காது, இறுகுற இடம் தாண்டித்தான் நசுங்கியிருக்கும், அதுக்குப் பக்கத்துலயே உடைஞ்ச லைட்டோட கண்ணாடித் துண்டும் மண்ணுக்குள்ள கிடக்கும். முதல் மூணு போர்டு சொன்ன புலி வருது கதையை நம்பாமப் போனதுனாலதான் நாலாவதுல புலி வந்தப்போ அவர் கண்ணுக்குத் தெரியல. அந்த நாலாவது வளைவுல நீங்க சரியாத்தான் எழுதினீங்க, ஆனா முதல் மூணுல குறைச்சு எழுதினது நாலாவதோட மரியாதையை ஏற்கனவே தின்னு முடிச்சிருச்சு.

அமெரிக்காவுல உயிர்ப்பலி வாங்குற விபத்துல கால் பங்குக்கு மேல வளைவுலதான் நடக்குதுன்னு அந்த நாட்டு நெடுஞ்சாலை நிர்வாகமே சொல்லுது, வளைவுல விபத்து விகிதம் மத்த இடத்தை விட சுமார் மூணு மடங்குன்னும் சொல்லுது. ரோட்டோட மொத்த நீளத்துல வளைவு எவ்வளவு கொஞ்சம்னு யோசிச்சுப் பார்த்தா அந்த சின்னப் பலகையோட பாரம் புரியும்.

கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடலாம், பெரிய கணக்கு இல்ல. கிலோமீட்டர் வேகத்தை அதாலேயே பெருக்கி, அதை 127 பெருக்கல் வளைவோட ஆரத்தால வகுத்தா, வண்டியோட எடையில எவ்வளவு பங்கு பக்கவாட்டு இழுப்புன்னு வரும். 100 மீட்டர் ஆரம் உள்ள வளைவு, ரோடு உள்பக்கமா 6 சதவீதம் சாய்ச்சுப் போட்டிருக்குன்னு எடுத்துக்கங்க, அந்த சாய்வு கொஞ்சத்தைத் தாங்கிக்கும், மிச்சத்தை டயர்தான் தாங்கணும். 50ல போனா டயர் மேல விழுறது 0.14 அளவு, காபி கப்பு கூட நகராது. 60ல 0.22. 75ல 0.38. வேகம் பாதி கூடினதுக்கு டயர் மேல பாரம் ரெண்டரை மடங்குக்கு மேல போயிடுச்சு பாருங்க, இதான் வளைவோட குணம், இதை ஸ்பீடோமீட்டர் காட்டாது. காய்ஞ்ச ரோட்டுல நல்ல டயர் போட்ட கார் 0.38ஐத் தாங்கிடும், சத்தம் போட்டுக்கிட்டே போயிடும். ஆனா உயரமா லோடு ஏத்தின லாரி சிலது 0.35 பக்கத்துலயே கவிழ ஆரம்பிச்சிடும், அது சறுக்காது, சறுக்கினாலாவது டிரைவருக்கு ஒரு தகவல் கிடைக்கும், அது நேரா படுத்துடும், டேங்கருக்குள்ள பாதி திரவம் இருந்தா அது ஒரு பக்கமா ஒதுங்கி இன்னும் சீக்கிரம் படுக்க வைக்கும். நான் காரும் ஓட்டுறேன் லோடு வண்டியும் ஓட்டியிருக்கேன், ரெண்டுலயும் உக்காந்தவன் சொல்றேன், கார்ல விளையாட்டா தெரியுற அதே வளைவு லோடு வண்டியில அடிவயித்தைக் கலக்கும். கார்காரர் "இந்த 50 சும்மா போட்டிருக்கான்"னு சொல்ற அந்த நம்பரைத்தான் பின்னாடி வர்ற லாரிக்காரர் உயிருக்கு உயிரா நம்பணும். அதனால லாரி கவிழுற அபாயம் உள்ள வளைவுல, முக்கியமா சுத்தி இறங்குற ரேம்ப்புங்கள்ல, லாரி சாயுற படத்தோட அதுக்குன்னு தனி வேகம் எழுதுங்கன்னு கேக்கறேன், எல்லாருக்கும் ஒரே நம்பரைக் குறைச்சு எழுதி சமாளிக்காதீங்க, அப்படிச் செஞ்சா கார்காரரும் நம்ப மாட்டார், அவரைப் பார்த்துப் பார்த்து லாரிக்காரரும் நம்ப மாட்டார்.

இப்போ போலீஸ் அதிகாரிங்களுக்கு.

உங்க மேல எனக்கு மரியாதை உண்டு, விபத்து நடந்த வளைவுல முதல்ல போய் நிக்கிறது நீங்கதான், அந்தக் காட்சியை நாங்க ஒரு தடவை பார்த்தா தூக்கம் போயிடும், நீங்க அதை வேலையா பார்க்கறீங்க. அதனாலதான் கேக்கறேன், அட்வைசரி நம்பரைத் தாண்டிட்டாருங்கற ஒரே காரணத்துக்காக ஃபைன் எழுதாதீங்க. லிமிட் 80 உள்ள ரோட்டுல, வளைவுல 50 போர்டு, ஒருத்தர் காய்ஞ்ச ரோட்டுல பகல்ல 58ல தன் லேன்ல ஒழுங்கா போறார், அவர் எந்த லிமிட்டையும் மீறல. அதே வளைவுல மழை பெய்யுது, ஒருத்தர் தேய்ஞ்ச டயரோட 50ல வந்து கோட்டைத் தாண்டி எதிர் லேனுக்குள்ள போறார், அவர் போர்டு நம்பருக்குள்ளதான் இருக்கார், ஆனா உங்க கவனம் தேவைப்படுறது அவருக்குத்தான். சூழ்நிலைக்கு மீறின வேகம், கவனக்குறைவா ஓட்டுறதுன்னு சட்டப் பிரிவு இருக்கிற இடத்துல அதைப் பயன்படுத்துங்க, போர்டு நம்பர் அந்தக் கேஸ்ல ஒரு சாட்சியா இருக்கட்டும், அதுவே குற்றமா ஆக வேணாம். அமெரிக்காவுல பல மாநிலத்துல நடைமுறை இப்படித்தான். ஜெர்மனியோட ஆட்டோபான்ல லிமிட் போடாத இடத்துல 130ங்கறது 1970கள்லருந்தே யோசனை வேகம், தாண்டினா ஃபைன் இல்ல, ஆனா தாண்டிப் போய் விபத்துல சிக்கினவர் 130ல போயிருந்தாலும் இதே விபத்து நடந்திருக்கும்னு காட்ட முடியலன்னா நஷ்டத்துல ஒரு பங்கை அவரும் சுமக்கணும்னு 1992ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. யோசனையும் யோசனையா இருந்துச்சு, அதை மதிக்காததுக்கு ஒரு விலையும் இருந்துச்சு.

அப்படி இல்ல, இந்த வளைவுல 50க்கு மேல யாருமே போகக்கூடாதுன்னு நீங்க நினைச்சா, அதுக்கும் வழி இருக்கு, முறைப்படி உத்தரவு போட்டு, அளந்து, காரணம் எழுதி, லிமிட் போர்டா மாத்துங்க. மாத்தின பிறகு புடிங்க, யாரும் வாயைத் திறக்க முடியாது. யோசனைன்னு எழுதிட்டு லிமிட்டு மாதிரி வசூல் பண்ணாதான் ஜனங்க அந்த போர்டை உண்டியலா பார்க்க ஆரம்பிக்கிறாங்க, அதுக்கப்புறம் எந்த போர்டைப் பார்த்தாலும் இங்க போலீஸ் நிப்பாங்களான்னுதான் யோசிப்பாங்களே தவிர இங்க ரோடு எப்படி திரும்புதுன்னு யோசிக்க மாட்டாங்க.

வளைவுக்குள்ள நின்னு வேகம் பார்க்கிறதுலயே ரெண்டு கோளாறு இருக்கு. ஸ்பீடு கன் நேருக்கு நேரா வர்ற வண்டியைத்தான் சரியா அளக்கும், கோணம் விலக விலக உண்மையை விட கம்மியா காட்டும், 20 டிகிரி விலகினா 60ல போறவரை 56ன்னு காட்டும், வளைவுல அந்தக் கோணம் நொடிக்கு நொடி மாறிக்கிட்டே இருக்கும். அடுத்தது இன்னும் பெருசு, மடக்கின வண்டியை எங்க நிறுத்துவீங்க? வளைவுல பின்னாடி வர்றவருக்கு நீங்க நிக்கிறதும் தெரியாது, நிறுத்தின வண்டியும் தெரியாது. வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்டுல நில்லுங்க, எல்லாரும் பார்க்கிற மாதிரி. அங்க லிமிட்டை மீறி 100, 110ல வர்றவங்களைப் புடிங்க, வளைவுல செத்துப்போறவங்கள்ல பல பேர் உண்மையில நேர் ரோட்டுலயே அதிக வேகத்துல வந்தவங்கதான். அங்க நீங்க அவரைக் குறைக்க வெச்சா வளைவு அவரைக் கொல்லாது.

திரும்ப இன்ஜினியருங்ககிட்ட வர்றேன், இன்னும் சிலது பாக்கி இருக்கு.

போர்டு எவ்வளவு முன்னாடி நிக்குது? 80ல வர்றவர் போர்டைப் பார்த்து, படிச்சு, மனசுல வாங்கி, காலை எடுக்க ரெண்டரை செகண்ட்னு வெச்சாலே 55 மீட்டர் ஓடிடும், அப்புறம் உலுக்காம 50க்கு இறக்க இன்னொரு 75 மீட்டர். ஆக 130 மீட்டர் வேணும். தூரத்துலருந்தே எழுத்து தெரியுற பெரிய போர்டுன்னா அதுல கொஞ்சம் கழியும், சரி. ஆனா வளைவு ஆரம்பிக்கிற இடத்துலயே, இல்லன்னா முப்பது நாப்பது மீட்டர் முன்னாடி கம்பத்தை நட்டு வெச்சா அது வழிகாட்டுறதுக்கு நட்ட போர்டு மாதிரி இல்ல, விபத்துக்கு அப்புறம் "நாங்க போர்டு வெச்சிருந்தோமே"ன்னு சொல்றதுக்கு நட்டது மாதிரி இருக்கு.

ராத்திரி ஓட்டுறவங்க நிலைமையைக் கொஞ்சம் பாருங்க. ஹெட்லைட் நேராத்தான் அடிக்கும், வளைவுக்குள்ள எட்டிப் பார்க்காது, லோ பீம்ல கண்ணுக்குத் தெரியுற தூரமே கொஞ்சம்தான், அந்த நேரத்துல வளைவு எந்தப் பக்கம் எவ்வளவு மடங்குதுன்னு சொல்றது போர்டு மேல ஒட்டின ஒளிரும் ஷீட் மட்டும்தான். அந்த ஒளிரும் ஷீட் வெளுத்துப் போய், மேல தூசி படிஞ்சு, பக்கத்து மரக்கிளை பாதி நம்பரை மறைச்சு நிக்குதுன்னா அங்க போர்டு இல்லன்னுதான் அர்த்தம். பகல்ல ஆபீஸ் ஜீப்புல போய் பார்த்துட்டு "இருக்கு"ன்னு டிக் அடிக்காதீங்க, ராத்திரி லோ பீம் போட்டுக்கிட்டு ஓட்டிப் பாருங்க. வெளிப்பக்கத்துல வரிசையா அம்பு போர்டு வைங்க, ஒரு நேரத்துல குறைஞ்சது ரெண்டு மூணாவது ஓட்டுறவர் கண்ணுல படணும், அப்போதான் வளைவோட உருவமே இருட்டுல தெரியும், என்னைக் கேட்டா நம்பரை விட அதுதான் அதிகம் பேசும். விபத்து ஓயாத வளைவுல மேற்பரப்பையே சொரசொரப்பா மாத்துற பூச்சு போடலாம், வேகமா வர்றவருக்கு மட்டும் எரியுற போர்டு வைக்கலாம், அது கண்ணைப் பார்த்து "உன்னைத்தான்"னு சொல்ற மாதிரி இருக்கும், எல்லாருக்கும் எப்பவும் எரியுற விளக்கை விட அது ஜாஸ்தி உறைக்கும். ரோடு புதுசா தார் போட்டு மேல ஏறினா சாய்வு மாறியிருக்கும், அப்போ பழைய நம்பர் பழைய ரோட்டோடது, திரும்ப அளக்கணும். இது நடக்கிறதே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா போர்டு கம்பத்தைப் புடுங்கி வெச்சுட்டு தார் போட்டு முடிச்சதும் அதே நம்பரை அதே இடத்துல திரும்ப நட்டுட்டுப் போறதைத்தான் நான் பார்த்திருக்கேன்.

நம்பரை உண்மைக்கு ஏத்த மாதிரி உயர்த்தினா எல்லாரும் இன்னும் வேகமா போவாங்களேன்னு ஒரு பயம் இருக்கு, அது நியாயமான பயம்தான், அதை நான் ஒதுக்கித் தள்ளல. ஆனா இப்போ மட்டும் அவங்க போர்டு நம்பர்லயா போறாங்க? முனகாத வளைவுல ஏற்கனவே 60ல போறவருக்கு 40ன்னு இருக்கிறதை 55ன்னு திருத்தினா அவர் 75க்குப் போவார்னு நினைக்கிறது சரியில்ல, அவர் வேகத்தை அங்க முடிவு பண்றது அவர் உடம்புல படுற இழுப்பு. நம்பர் திருந்தினா மாறப்போறது அடுத்த வளைவுல அவர் போர்டைப் பார்க்கிற பார்வை. ஒரு ரோட்டுல பாதி வளைவைத் திருத்திட்டு பாதியை விட்டுடாதீங்க, அது இப்போ இருக்கிறதை விட மோசம். ஒரு ரோடுன்னா முழு ரோடு, ரெண்டு திசையும், ஒரே கருவி, ஒரே டிகிரி.

கடைசியா ரெண்டு தரப்புக்கும் சேர்த்து ஒண்ணு கேக்கறேன். வளைவுல ஒரு விபத்து நடந்தா ரிப்போர்ட்ல காரணம்ங்கற இடத்துல "அதிவேகம்"னு ஒரே வார்த்தையில எழுதி மூடிடறீங்க. மூடுறதுக்கு முன்னாடி அந்த வாரத்துக்குள்ளயே இன்ஜினியர் ஒருத்தரும் போலீஸ் அதிகாரி ஒருத்தரும் ஒரே வண்டியில ஏறி, அந்த வளைவை அதே திசையில, முடிஞ்சா அதே நேரத்துல ஓட்டி அளங்க. போர்டு தெரிஞ்சுதா, எத்தனை மீட்டர் முன்னாடி தெரிஞ்சுது, அளந்தா என்ன வேகம் வருது, போர்டுல என்ன வேகம் இருக்கு, அதுக்கு முந்தின ரெண்டு வளைவுல போர்டுக்கும் அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அந்த ஃபைல்லயே சேருங்க, இறந்தவரோட குடும்பம் கேட்டா அந்தத் தாளோட நகலை அவங்க கையில குடுங்க.